வீட்டுத் தோட்டத்துப் பறவைங்க மேல ப்ரீ-ஷூட்டிங், கண்-ஃபோகஸ் எல்லாம் யாராச்சும் ட்ரை பண்ணிப் பாத்தீங்களா? (சேலம் / ஏற்காடு ஆளுங்க வாங்க)

#1 கொய்யாமரத்தடி (கண்ணங்குறிச்சி)

வணக்கம்ங்க. கேனான் ஆர்7 கேமரா கைக்கு வந்ததுல இருந்து தோட்டத்தை விட்டு வெளிய போகவே மனசு வரல. மூக்கனேரிக்கு வாங்கன்னு நம்ம ஆளுங்க கூப்பிட்டுட்டேதான் இருக்காங்க, ஆனா இதுல இருக்கற ரெண்டு விஷயத்தை வீட்டுலயே அலசிப் பாத்துட்டுத்தான் மத்ததுன்னு இருக்கேன். ஒண்ணு பறவையோட கண்ணை அதுவா தேடிப் புடிக்கிற ஃபோகஸ். இன்னொன்னு ப்ரீ-ஷூட்டிங், அதாவது நாம பட்டனை முழுசா அமுக்கறதுக்கு முந்தின அரை செகண்டையும் சேத்து எடுத்துக் குடுக்கறது.

தோட்டம் பெருசில்ல. ஒரு கொய்யா, ஒரு முருங்கை, செம்பருத்தி வேலி, ஒரு மண் தாழியில தண்ணி, தாழிக்குப் பக்கத்துல நட்டு வெச்ச காஞ்ச குச்சி ஒண்ணு. சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து குச்சி வரைக்கும் அஞ்சு மீட்டர் இருக்கும். லென்ஸ் ஆர்எஃப் 100-400 எம்எம் ஜூம். இந்தத் தூரத்துல 400-ல வெச்சா ஃப்ரேமோட அகலம் 28 சென்டிமீட்டர்தான், அப்ப பத்து சென்டிமீட்டர் தேன்சிட்டு ஃப்ரேம்ல மூணுல ஒரு பங்கு வந்துடுது. பெரிய லென்ஸ் இல்லாம தோட்டத்துல வேலை நடக்கறதுக்கு இந்தக் கணக்குதான் காரணம்.

கண்-ஃபோகஸ் பத்தி முதல்ல சொல்லிடறேன். தவிட்டுக்குருவிக்கு வெளுத்த கண்ணு, அதனால கிளைக்குள்ள பாதி மறைஞ்சிருந்தாலும் ஃபோகஸ் எங்க இருக்குன்னு திரையில காட்டற கட்டம் போய் கண்ணுலயே ஒட்டிக்குது. ஆண் குயில் உடம்பு பூரா கருப்பு, ஆனா கண்ணு ரத்தச் சிவப்பு, அதையும் விடறதில்ல. ஊதாத் தேன்சிட்டு ஆண் வந்தாத்தான் திண்டாட்டம், கருப்பு முகத்துல கருப்புக் கண்ணு, வெயில் எதிர்ப்பக்கம் இருந்துச்சுன்னா கட்டம் கழுத்துக்கும் றெக்கைக்கும் அலைஞ்சுட்டே இருக்கு. காக்காவும் அதே கதைதான். கண்ணைச் சுத்தி நிறம் மாறுதா இல்லையாங்கறதுலதான் மொத்த சூட்சுமமும் இருக்குன்னு எனக்குத் தோணுது, பறவை சின்னதா பெருசாங்கறதுல இல்ல.

ப்ரீ-ஷூட்டிங்தான் என்னை அசத்துனது. கொண்டைக்குருவி குச்சியில இருந்து கிளம்பறதை கண்ணால பாத்து விரலை அமுக்கறதுக்குள்ள கால் செகண்ட் ஓடிடும், அதுக்குள்ள அது வேலி தாண்டிப் போயிருக்கும். இப்ப பாதி அமுக்கி வெச்சுட்டு உக்காந்திருந்து, அது போனதுக்கு அப்புறம் முழுசா அமுக்குனாலும் போனது உள்ள இருக்கு. செகண்டுக்கு 30 படம், அரை செகண்டுக்கு 15. அதை ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தா, முதல்ல உடம்பு குறுகி குச்சி மேல அழுந்துது, அப்புறம் காலு ரெண்டும் நீளுது, வால் லேசா விரியுது, காலு குச்சிய விட்டுப் பிரியறப்பதான் றெக்கை முழுசா மேல நிமிந்து நிக்குது. நான் இத்தனை காலமும் றெக்கைய அடிச்சுத்தான் பறவை மேல எழும்புதுன்னு நெனச்சிருந்தேன், முதல் தள்ளு காலுதாங்க குடுக்குது. வாலுக்கு அடியில இருக்கற அந்தச் செவப்பு அந்த ஒரு கணத்துல எப்படித் தெரியுதுன்னு பாக்கணுமே!

வேற கம்பெனி கேமரா வெச்சிருக்கறவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க. முக்கியமா, இதுக்காகவே ஒருத்தர் புது கேமரா வாங்கலாமான்னு உங்க கருத்து வேணும்.

#2 காப்பிக்காடு (நாகலூர், ஏற்காடு)

நல்ல இழை ஆரம்பிச்சிருக்கீங்க. என்கிட்ட இருக்கறது ஒலிம்பஸ் ஈ-எம்1 மார்க் 2, 2016-ல வந்தது. அதுலயே ப்ரோ கேப்சர்னு இதே விஷயம் இருக்கு, முதல்ல 14 படம் முன்கூட்டி வெச்சுக்கும், அப்புறம் வந்த ஃபர்ம்வேர்ல (கேமராவுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) 35 ஆக்குனாங்க. அதனால "புது அம்சம்"னு கடையில சொல்றப்ப பத்து வருசத்துக்கு முன்னாடி வந்த பழைய பாடியும் இதைச் செய்யும்னு ஞாபகம் வெச்சுக்கங்க, காசு மிச்சம். பறவைக் கண்ணைத் தேடற வேலை மட்டும் அதுல கிடையாது, அது 2022-ல வந்த ஓஎம்-1-ல இருக்கு.

மலை மேல எங்க பிரச்சனை வேறங்க. காப்பிச் செடி, மேல சில்வர் ஓக், அதுல மிளகுக்கொடி, எல்லாத்துக்கும் மேல மஞ்சு. காலை எட்டு மணிக்கும் உள்ள இருட்டுதான். கிளம்பற பறவைய 1/3200 செகண்ட் ஷட்டர்ல புடிக்கணும்னா ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன், ஏற ஏறப் படத்துல புள்ளிப்புள்ளியா நாய்ஸ் வரும்) எங்கயோ போய் நிக்கும். அதனால நான் செய்யறது என்னன்னா, வீட்டு முன்னாடி காப்பி காயப்போடற களம் இருக்கில்ல, அது திறந்த வெளி, அந்த ஓரத்துல குச்சி நட்டுட்டேன். செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் நிழல்ல இருந்து வெளிய வந்து அதுல உக்காந்துட்டுத்தான் தண்ணிக்கு இறங்குது. பறவை இருக்கற எடத்துக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோக முடியாது, வெளிச்சம் இருக்கற எடத்துக்குப் பறவைய வரவைக்கலாம்.

இன்னொன்னு, ப்ரோ கேப்சர்ல ரெண்டு வகை இருக்கு. வேகமானதுல செகண்டுக்கு 60 படம் வரைக்கும் போகும், ஆனா ஃபோகஸ் முதல் படத்துலயே நின்னுடும். இன்னொன்னு 18, அதுல ஃபோகஸ் கூடவே வரும். குச்சியில இருந்து பக்கவாட்டுல பறக்கற பறவைக்கு வேகமானதே போதும், நம்மளைப் பாத்து வர்றதுக்குத்தான் அடுத்தது.

#3 சூரமங்கலம்_950

என்கிட்ட நிக்கான் பி950. 2000 எம்எம் ஜூம் இருக்கறதால ரயில்வே குவார்ட்டர்ஸ் அரசமரத்துல 25 மீட்டர் தள்ளி இருக்கற செம்மார்புக் குக்குறுவான் கூட ஃப்ரேம்ல பெருசா வருது. டயல்லயே பறவைன்னு ஒரு மோட் இருக்கு, ஆனா அது செட்டிங்கை மாத்தி வைக்குமே தவிர கண்ணையெல்லாம் தேடாதுங்க.

ஆச்சரியம் என்னன்னா இதுலயும் ப்ரீ-ஷூட்டிங் கேஷ்னு மெனுவுல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. போட்டுப் பாத்தேன், வேலை செய்யுது, ஆனா படம் 1280-க்கு 960 சைஸ்லதான் வருது, முன்கூட்டி வெச்சுக்கறதும் அஞ்சு படம்தான். வாட்ஸ்அப்புல அனுப்பலாம், பிரிண்ட் போட முடியாது.

நான் எடுக்கறதுல பாதி குக்குறுவான்தான், அது கூப்பிடறப்ப வாயே திறக்கறதில்லைன்னு கவனிச்சிருக்கீங்களா? "டொக் டொக்"னு ஊரே கேக்குது, அலகு மூடியே இருக்கு, தொண்டைக்கு ரெண்டு பக்கமும் தோல் பலூனா உப்பி உப்பி அமுங்குது, ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையும் ஒரு ஆட்டு ஆடுது. இந்த மாதிரி ஒரே எடத்துல உக்காந்து செய்யற வேலைக்கு புது கேமரா எதுக்குன்னு ஒரு பக்கம் தோணுது, அக்கா போட்டுருக்கற கொண்டைக்குருவி கதையப் படிச்சா இன்னொரு பக்கம் கை அரிக்குது. நீங்களே சொல்லுங்க.

#4 கரிச்சான்

//இதுக்காகவே ஒருத்தர் புது கேமரா வாங்கலாமா//

தோட்டத்துலயும் வீட்டைச் சுத்தியும்தான் எடுக்கப் போறீங்கன்னா, வாங்கலாம், அதுவும் ப்ரீ-ஷூட்டிங்குக்காக மட்டுமே வாங்கலாம்ங்கறது என் உறுதியான கருத்து. கண்-ஃபோகஸ் வசதிதான், ஆனா குச்சி மேல உக்காந்திருக்கற பறவைக்கு சிங்கிள் பாயின்ட்டை (ஃபோகஸ் புள்ளிய நாமளே ஒரு எடத்துல வைக்கறது) வெச்சே எத்தனையோ வருசமா எடுத்துட்டுத்தான் இருந்தோம். ப்ரீ-ஷூட்டிங் குடுக்கறதை வேற எந்த வழியிலயும் எடுக்க முடியாது, எவ்வளவு பழகுனாலும் கை அவ்வளவு வேகமா போகாது.

ஆனா ஒரு எச்சரிக்கை. ப்ரீ-ஷூட்டிங் எல்லாம் எலக்ட்ரானிக் ஷட்டர்லதான் ஓடும். எலக்ட்ரானிக் ஷட்டர்ல சென்சார் மொத்தப் படத்தையும் ஒரே அடியா எடுக்காது, நம்ம அம்மாப்பேட்டை தறியில ஊடை ஒண்ணொண்ணா விழுந்து துணி வளர்ற மாதிரி மேல இருந்து கீழ வரி வரியா எடுத்துட்டு வரும். மேல் வரி எடுத்ததுக்கும் கீழ் வரி எடுக்கறதுக்கும் நடுவுல றெக்கை நகர்ந்துடும். அதனால பூ முன்னாடி அந்தரத்துல நிக்கற தேன்சிட்டோட றெக்கை ஆர்7-ல வில்லு மாதிரி வளைஞ்சு வரும், அது பறவையோட உருவம் கிடையாது. ஷட்டர் ஸ்பீடை 1/8000 வெச்சாலும் இது போகாது, ஏன்னா ஒவ்வொரு வரியும் ஷார்ப்பா இருக்கும், வரிக்கு வரி நேரம்தான் வேற. வரிகளை ரொம்ப வேகமா எடுத்து முடிக்கற ஸ்டாக்டு சென்சார் இருக்கற ஓஎம்-1, நிக்கான் இசட்8 மாதிரி கேமராவுல இது ரொம்பக் குறையும். சோனி ஏ9 மார்க் 3, 2023-ல அறிவிச்சது, அது குளோபல் ஷட்டர், மொத்தப் படத்தையும் ஒரே நேரத்துல எடுக்கும், அதுல வளைவே கிடையாது. விலைதான் நம்ம தோட்டத்தை விடப் பெருசு.

கொண்டைக்குருவி, கரிச்சான், பஞ்சுருட்டான் சைஸுக்கு கிளம்பற அந்த முதல் ரெண்டு மூணு படத்துல வளைவு பெருசா தெரியாதுங்க, றெக்கை அப்ப இன்னும் வேகம் எடுத்திருக்காது.

சரித்திரம் தெரிஞ்சுக்கணும்னா, 2008-லயே கேசியோ ஈஎக்ஸ்-எஃப்1 செகண்டுக்கு 60 படம், அதுலயும் பட்டன் அமுக்கறதுக்கு முன்னாடி இருந்தே எடுத்து வெச்சுக்கற வசதியோட வந்துச்சு. அப்ப அதை யாரும் பறவைக்குன்னு பெருசா பேசல.

#5 வாழப்பாடி_தம்பி

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் காலேஜ் ரெண்டாவது வருசம், இப்ப வரைக்கும் ஃபோன்லதான் எடுக்கறேன், அப்பா ஒரு கேமரா வாங்கித் தர்றேன்னு சொல்லிருக்காரு, எங்க வீட்டைச் சுத்தி தென்னந்தோப்பும் பாக்குமரமும் இருக்கு, பஞ்சுருட்டான் ஒயர்ல உக்காந்து தேனீயப் புடிச்சுட்டு வந்து ஒயர்லயே அடி அடின்னு அடிக்கும், அதை எடுக்கணும்ங்கறதுதான் என் ஆசை. நிக்கான் இசட்50 மார்க் 2 நல்லா இருக்குமா இல்ல கேனான் ஆர்10 போகலாமா? ரெண்டுலயும் ப்ரீ-ஷூட்டிங் இருக்குன்னு யூட்யூப்ல சொல்றாங்க.

#6 கரிச்சான்

தம்பி, ரெண்டுலயும் இருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. இசட்50 மார்க் 2 2024 கடைசியில வந்தது, பறவையக் கண்டுபுடிக்கன்னே தனியா டிடெக்ஷன் இருக்கு, ஆனா ப்ரீ-ரிலீஸ் (ப்ரீ-ஷூட்டிங்குக்கு நிக்கான் வெச்ச பேரு) போட்டா ஜேபெக், அதாவது கேமராவே சுருக்கிக் குடுக்கற படம் மட்டும்தான் வரும். ஆர்10-ல ரா, அதாவது சுருக்காத மூல ஃபைல் கிடைக்கும், ஆனா மொத்த பர்ஸ்ட்டும் (தொடர்ச்சியா எடுத்த படங்கள்) ஒரே ரோல் ஃபைலா விழும், வேணுங்கறதை நீ உக்காந்து பிரிச்சு எடுக்கணும். ஒயர்ல உக்காந்திருக்கற பஞ்சுருட்டானுக்குப் பின்னாடி வெறும் வானம், வெளிச்சத்தைச் சரியா வெச்சுட்டா ஜேபெக்கே தாராளம். எதை வாங்குனாலும் பாடியில காசைக் கொட்டிட்டு கிட் லென்ஸோட நிக்காத, 400 வரைக்கும் போற லென்ஸ் ஒண்ணு கட்டாயம் வேணும், மொத்த பட்ஜெட்டை லென்ஸ்ல இருந்து திருப்பிப் போட்டுப் பாரு.

நீ சொன்ன அந்த அடிக்கற காட்சி, தேனீயோட கொடுக்கை எடுக்கறதுக்குத்தான் அப்படி அடிச்சுத் தேய்க்கும். அதுக்கு ப்ரீ-ஷூட்டிங் தேவையே இல்ல, ரொம்ப நேரம் நடக்கும். இரையோட வந்து ஒயர்ல இறங்கற அந்தக் கணத்துக்குத்தான் அது வேணும். உக்காந்திருந்த எடத்துக்கே திரும்பி வர்ற பழக்கம் அதுக்கு உண்டு, ஒயர் மேல ஃபோகஸைப் பூட்டிட்டுக் காத்திரு.

#7 அழகாபுரம்_பால்கனி

எல்லாரும் கேமரா பேசறீங்க, நான் பறவைய யோசிச்சு ரெண்டு வார்த்தை. எங்க பால்கனி தொட்டியில பெரிய இலை வெச்ச செடி ஒண்ணுல தையல்சிட்டு இலையத் தெச்சு கூடு கட்டுச்சு. கூட்டுக்கு வர்றது போறது எல்லாம் ப்ரீ-ஷூட்டிங்குல அருமையா எடுக்கலாம்னு வீட்டுக்கு வந்த சொந்தக்காரப் பையன் ட்ரைபாடை ஒரு மீட்டர்ல கொண்டாந்து வெச்சான். நான் எடுக்க விடல. நாம நிக்கற எடத்தைக் காக்கா பாத்துக்கும், பூனை மோப்பம் புடிச்சு வரும், தாய்ச்சிட்டு உள்ள போகாம வெளியவே கத்திட்டு நிக்கும், குஞ்சு அந்த நேரம் பூரா பட்டினி. குச்சிய நடுங்க, தண்ணி வைங்க, கூட்டுப் பக்கம் மட்டும் போகாதீங்க. ஃப்ளாஷ் வேண்டாம், ஃபோன்ல குரலைப் போட்டுக் கூப்பிடறதும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், எலக்ட்ரானிக் ஷட்டருக்குச் சத்தமே இல்லைங்கறது பெரிய புண்ணியம். பழைய கேமராவுல ஒரு "டக்" கேட்டா போதும், தவிட்டுக்குருவிக் கூட்டம் மொத்தமும் தலையத் தூக்கிப் பாக்கும். இப்ப அது பாட்டுக்குச் சருகைக் கிளறிட்டே இருக்கு.

#8 கொய்யாமரத்தடி (கண்ணங்குறிச்சி)

அழகாபுரம் அக்கா சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த வேண்டியதில்ல. எங்க குச்சியும் கூடு எதுவும் இல்லாத பக்கமாத்தான் இருக்கு. தாழித் தண்ணி ரெண்டு விரக்கடை ஆழம்தான் வைக்கறேன், தெனமும் தேச்சுக் கழுவி மாத்திடறேன், கொசுவுக்கும் நல்லது, பறவைக்கும் நோய் வராது.

கரிச்சான் அண்ணா, வளைவு பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. செம்பருத்தி முன்னாடி தேன்சிட்டு அந்தரத்துல நின்ன படங்கள்ல றெக்கை வளைஞ்சுதான் இருக்கு. அதுக்கு மட்டும் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிடறேன், அதுலயே செகண்டுக்கு 15 வருது. ஆனா உக்காந்துட்டு தேன் எடுக்கறப்ப ப்ரீ-ஷூட்டிங் வேற ஒண்ணைக் காட்டிக் குடுத்துச்சு. பூவுக்கு முன்பக்கம் போறதே இல்லைங்க, காம்புப் பக்கமா வந்து தலைகீழா தொங்கி, பூவோட அடியில அலகால ஓட்டை போட்டு அதுவழியா உறிஞ்சுது. அலகை வெளிய எடுக்கற படத்துல நாக்கு நுனி மெல்லிசா நீட்டிட்டு இருக்கு. மகரந்தம் ஒரு துளி கூட ஒட்டல, பூவுக்கு எந்த உபகாரமும் பண்ணாம தேனை மட்டும் எடுத்துட்டுப் போகுது.

கண்-ஃபோகஸ் பத்தி இன்னொன்னு கவனிச்சேன். தண்ணி குடிக்கற பர்ஸ்ட்ல நடுவுல சில படத்துல மட்டும் கட்டம் கண்ணை விட்டுட்டுத் தலைக்குப் போயிடுது. பெருசு பண்ணிப் பாத்தா கண்ணு வெள்ளையா மூடியிருக்கு. மூணாவது இமைங்க அது, ஜவ்வு மாதிரி ஓரத்துல இருந்து இழுத்து மூடித் திறக்குது.

நேர் வெயில் குச்சி மேல விழறப்ப எஃப்8-ல 1/3200 வெச்சாலும் ஐஎஸ்ஓ 800, 1000-லயே நிக்குது, கொய்யா நிழலுக்குள்ள போனா 6400 தாண்டிடுது, அதனால காப்பிக்காடு அண்ணா சொன்ன அந்த வெளிச்சக் கணக்கு சமவெளிக்கும் பொருந்தும்.

#9 சூரமங்கலம்_950

ஐஎஸ்ஓ 6400-ன்னா இப்ப பயமே வேண்டாமேங்க, நாய்ஸை நீக்கற ஏஐ டீநாய்ஸ் சாஃப்ட்வேர்ல ஒரு க்ளிக், இறகு இறகா வந்துடுது.

#10 காப்பிக்காடு (நாகலூர், ஏற்காடு)

//இறகு இறகா வந்துடுது//

அங்கதாங்க எனக்குச் சங்கடம். அது வந்த இறகா, அந்த சாஃப்ட்வேர் வரைஞ்ச இறகா? கொண்டைக்குருவிக்கு யாரும் சண்டை போடப் போறதில்ல. ஆனா குளிர்காலத்துல எங்க சில்வர் ஓக்குல வர்ற பச்சை இலைக்கதிர்க்குருவிய எடுத்துக்கங்க, றெக்கையில மெல்லிசா ஒரு வெளிர் கோடு இருக்கும், அடையாளமே அதை வெச்சுத்தான். அதிகமா நாய்ஸ் இருக்கற படத்தை டீநாய்ஸ்ல போட்டா சில சமயம் அந்தக் கோடு அழிஞ்சுடுது, சில சமயம் இல்லாத எடத்துல ஒண்ணு முளைக்குது. அழகுக்கு செவுத்துல மாட்டறதுக்குத் தாராளமா போடுங்க. பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டுல பதிவு பண்றப்ப, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஏத்தறப்ப, மூலப்படத்தை அப்படியே ஏத்துங்க. அசிங்கமா இருந்தாலும் அதுதான் சாட்சி. கரிச்சான் சொன்ன வளைஞ்ச றெக்கைக்கும் இதேதான், றெக்கை உருவத்தை வெச்சு யாரும் இனத்தை முடிவு பண்ணக்கூடாது.

#11 சூரமங்கலம்_950

நியாயம்தாங்க, பதிவுக்கு மூலப்படமே போடறேன். அப்புறம் அண்ணா, மஞ்சள்தொண்டைச் சின்னான் உங்க மலையிலதான் இருக்குன்னு சொல்றாங்களே, எந்தப் பாறைப் பக்கம்னு சொன்னா ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியெடுத்துட்டு வந்துடுவேன்.

#12 காப்பிக்காடு (நாகலூர், ஏற்காடு)

இருக்கு. எடத்தை இங்க எழுத மாட்டேன், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. தென்னிந்தியாவுல பாறையும் புதருமா இருக்கற குன்றுல மட்டும் இருக்கற பறவை, எண்ணிக்கையும் கம்மி, ஒரு எடம் பொதுவுல வந்துட்டா வாரக்கடைசியில இருவது கொண்டை ஊசி வளைவும் ஏறி கூட்டம் வந்துடும். நீங்க மலைக்கு வாங்க, எங்க களத்துல உக்காந்து வெண்கன்னக் குக்குறுவானை எடுங்க, உங்க ஊர் குக்குறுவானோட அண்ணன், அதுவும் சலிக்காம கூப்பிடும். நம்ம சேலம் சமவெளியில கெடைக்காது, சேர்வராயன் மலைக்கும் சித்தேரிக்கும் வந்தாத்தான்.

ப்ரீ-ஷூட்டிங் ஒண்ணுக்கும் உதவாத எடமும் இருக்குங்கறதை இந்த இழையில எழுதிடறேன். ஐப்பசியில ஆறுமணிக்குருவி வந்து காப்பிச் செடிக்கடியில சருகுல தத்தித் தத்தி நடக்கும். இருட்டு, 1/100 கெடைச்சாலே பெரிசு. அங்க செகண்டுக்கு 60 படம் எடுத்தா கலங்கின படம் அறுபது கெடைக்கும், அவ்வளவுதான். அது நடந்து நின்னு பாக்கற அந்த ஒரு நொடிக்கு ஒத்தைப் படமா எடுக்கறதுதான் வழி. கண்-ஃபோகஸ்தான் அங்க கை குடுக்கும், கருப்புப் பட்டைக்கு மேல வெளுத்த புருவம் இருக்கறதால தலைய சுலபமா கண்டுபுடிக்கும்னு ஓஎம்-1 வெச்சிருக்கற நண்பர் சொல்றாரு.

#13 வாழப்பாடி_தம்பி

அக்கா, ஒரு தடவை உங்க ஆர்7-ல ப்ரீ-ஷூட்டிங்கைத் தொட்டுப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்னு இருக்கேன், சேலம் வந்தா வரலாமா? பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

#14 கொய்யாமரத்தடி (கண்ணங்குறிச்சி)

தாராளமா வா தம்பி, அப்பாவையும் கூட்டிட்டு வா. பாதி அமுக்கி வெச்சிருக்கற நேரம் பூரா சென்சார் முழு வேகத்துல ஓடிட்டே இருக்கும், அதனால பேட்டரி சீக்கிரம் இறங்கும், பாடியும் கொஞ்சம் சூடாகும். பறவை குச்சியில உக்காந்ததுக்கு அப்புறம் பாதி அமுக்குனாப் போதும், வர்றதுக்கு முன்னாடி இருந்தே புடிச்சுட்டு உக்கார வேண்டாம். என்கிட்ட இன்னொரு பேட்டரி இருக்கு. கார்டு மட்டும் உன்னோடது கொண்டு வா, வேகமா எழுதற யூஎச்எஸ்-2 கார்டா இருக்கட்டும், சாதா கார்டுன்னா ஒரு ரோல் எழுதி முடிக்கறதுக்குள்ள அடுத்த பறவை வந்துட்டுப் போயிடும். ஏழு மணிக்கு மேல வந்தா சரியா இருக்கும், அப்பத்தான் வெயில் குச்சி மேல விழ ஆரம்பிக்குது.